ஆய்வுகூடத்தின் சாவி யாரிடம்?



நாலைந்து நாட்களாக ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "பரீட்சைக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு? விஞ்ஞான சேர் பிள்ளைகள வச்சு கோவா அவிச்சிக்கிட்டு இருக்கிறாரு." பேசியவர் யார் என்று நான் தேடவில்லை. அவர் பெற்றார் ஒருவர், தன் பிள்ளையைப் பற்றிய கவலையில் பேசியிருக்கிறார். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் குழுவில் பதில் போட்டால் நடுவில் ஜனாஸா அறிவித்தலும் காணி விற்பனையும் வந்து விழுந்து, சொன்னது காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

ஆம், கோவா அவித்தோம். சிவப்புக் கோவா. இனியும் அவிப்போம்.

முதலில் பரீட்சைக் கணக்கையே பேசுவோம். சாதாரண தர விஞ்ஞானத்துக்குச் செய்முறைப் பரீட்சை கிடையாது. எல்லாம் எழுத்துதான். அதனால் நம் ஊர்களில் ஒரு வழக்கம் வந்துவிட்டது: பரிசோதனையைச் செய்யத் தேவையில்லை, பரிசோதனையைப் பற்றிய நோட்ஸ் இருந்தால் போதும். சுண்ணாம்பு நீருக்குள் காபனீரொட்சைட்டு போனால் பால் நிறமாகும் என்று எழுதத் தெரிந்த பிள்ளைகள் வகுப்பு நிறைய. சுண்ணாம்பு நீரைக் கண்ணால் கண்ட பிள்ளை எத்தனை என்று கை உயர்த்தச் சொன்னேன். எண்ணிக்கையை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெற்றிலைத் தட்டில் சுண்ணாம்பு இல்லாத வீடு இந்த ஊரில் எத்தனை? அந்தச் சுண்ணாம்பும் புத்தகத்தில் உள்ள சுண்ணாம்பும் ஒன்றுதான் என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

இது சமையல் வகுப்பு இல்லை என்று தெரிவதற்காக, என்ன செய்தோம் என்று சொல்கிறேன். சிவப்புக் கோவாவை அவித்த தண்ணீர் நல்லதொரு காட்டி. அமிலத்தில் சிவக்கும், மூலத்தில் நீலம், பச்சை என்று போகும். மூன்று கிளாஸ் எடுத்தோம். ஒன்றில் போத்தலில் விற்கும் குடிதண்ணீர், ஒன்றில் பாடசாலைக் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் இறங்குதுறையில் அள்ளிய கடல் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு கோவாச் சாறு. பிறகு ஸ்ட்ரோவால் ஊதினார்கள். உறிஞ்சக் கூடாது, ஊத வேண்டும். இதைச் சொல்வதற்கே ஐந்து நிமிடம் போனது. போத்தல் தண்ணீர் முதலில் நிறம் மாறியது. கடல் தண்ணீர் அசையவே இல்லை. ஊதி ஊதிக் கன்னம் வலித்த ஒருவன், "சேர், கடல் தண்ணி தோக்குதில்ல" என்றான். மாறி மாறி ஊதிய பிறகுதான் நீலம் மெல்ல ஊதாப் பக்கம் சாய்ந்தது.

பாடம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. போத்தல் தண்ணீரோடு நிறுத்தியிருந்தால் அழகான படம் கிடைத்திருக்கும், முகநூலிலும் போட்டிருக்கலாம். கடல் தண்ணீர் ஏன் பிடிவாதம் பிடித்தது? அதில் கரைந்திருக்கும் காபனேற்றும் இருகாபனேற்றும் அமிலத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கடலுக்கு அல்லாஹ் வைத்திருக்கும் பாதுகாப்பு அது. ஆனால் அப்படிப் பிடிக்கும்போது காபனேற்று செலவாகிறது. அதே காபனேற்றை எடுத்துத்தான் முருகை தன் எலும்பைக் கட்டுகிறது, சிப்பி தன் ஓட்டைக் கட்டுகிறது. வீடு கட்ட வைத்த சீமெந்தை எடுத்து வெள்ளத்துக்கு அணை போட்டால் வெள்ளம் நிற்கும், வீடு எழும்பாது. கடலில் நடப்பது அதுதான்.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு: "கடலின் பீஎச் 8.1தானே, 7க்கு மேலே என்றால் மூலம், பிறகு என்ன அமிலமாதல்?" இதை ஒரு உயர்தர மாணவனே என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. கடல் அமிலமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, அந்தப் பக்கமாக நகர்கிறது என்றுதான் சொல்கிறோம். கைத்தொழில் யுகத்துக்கு முன்னர் மேற்பரப்புக் கடல் நீரின் பீஎச் ஏறக்குறைய 8.2, இப்போது ஏறக்குறைய 8.1. "0.1தானே" என்று சிரிக்க வேண்டாம். நம் இரத்தத்தின் பீஎச் 7.35க்கும் 7.45க்கும் நடுவில் இருக்க வேண்டும். அது 7.3க்கு இறங்கினால், இரத்தம் இன்னும் மூலப் பக்கம்தானே என்று சொல்லி எந்த டொக்டரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்.

அந்த 0.1இல் என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கணிதப் பாடத்தில் ஏன் என்று தெரியாமல் புரட்டிக்கொண்டிருக்கும் மடக்கை அட்டவணையை எடுக்கச் சொன்னேன். 0.1க்கு முரண்மடக்கை 1.259. அதாவது கடல் நீரில் ஐதரசன் அயன்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 26 கூடிவிட்டன. "இதுக்குத்தான் சேர் லொக் படிக்கிறமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்விக்குக் கடந்தகால வினாத்தாளில் புள்ளி இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இனி மடக்கை மறக்காது என்று நான் எழுதித் தருவேன்.

இன்னொன்றையும் அவர்களிடம் மறைக்கவில்லை. நாம் வெளிவிடும் மூச்சில் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 4 வீதம். வெளியே காற்றில் இருப்பது 0.04 வீதம். ஸ்ட்ரோவால் ஊதுவது உண்மையை நூறு மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. அதைவிட மோசம், சிப்பியை வினாகிரிக்குள் போட்டு நுரை வருவதைக் காட்டி "பாருங்கள், கடல் இப்படித்தான் ஆகப் போகிறது" என்று பயமுறுத்துவது. வினாகிரியின் பீஎச் 3க்கும் கீழே. எந்தக் கடலும் அங்கே போகப் போவதில்லை. சூழல் தினத்தில் மேடை போட்டு இதைக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். பிள்ளை ஒருநாள் உண்மையான எண்ணைப் பார்த்துவிட்டு, சேர் பொய் சொன்னார் என்று முழு விடயத்தையும் தூக்கி எறிந்துவிடும். பயம் காட்டிப் படிப்பித்தால் பயம் தெளிந்தவுடன் பாடமும் போய்விடும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரனின் பிரச்சினை, நமக்கென்ன?" என்பது அடுத்தது. கற்பிட்டிக்கு மேற்கே கடலில் இருப்பது யாருடைய முருகைப் பார்? 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் ரீஃப், இலங்கையின் பெரிய முருகைத் தொகுதிகளில் ஒன்று. 1998இல் கடல் சூடேறி ஆழம் குறைந்த இடத்து முருகைகள் பெருமளவு வெளிறிச் செத்தன. மெல்ல எழும்பி வந்தன, 2016இல் மறுபடி அடி விழுந்தது. கவனமாகச் சொல்ல வேண்டிய இடம் இது: அந்த வெளிறல் அமிலத்தால் வந்ததல்ல, சூட்டால் வந்தது. சுவரொட்டிகளில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். சூடு முருகையைக் கொல்கிறது. நீரின் இரசாயன மாற்றம், தப்பியது திரும்பக் கட்டி எழும்புவதைக் கஷ்டமாக்குகிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே வாயு. பாரில் மீன் இல்லாமல் போனால் யாருடைய வாப்பா வெறும் வள்ளத்தோடு திரும்பி வருவார் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"கடல் அல்லாஹ்வின் படைப்பு, அதை மனிசன் மாத்த ஏலுமா?" என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சூரா ரூமின் 41ஆவது வசனத்தின் தர்ஜமாவை வீட்டில் எடுத்துப் பாருங்கள். தரையோடு சேர்த்துக் கடலும் அதில் பேசப்படுகிறது. விளக்கம் உலமாக்களிடம் கேளுங்கள், அது என் வேலை அல்ல. என் வேலை அளந்து காட்டுவது.

மறுநாள் காலையில் இன்னொன்று நடந்தது. மூடாமல் வைத்திருந்த கடல் தண்ணீர் கிளாஸ் கிட்டத்தட்ட பழைய நீலத்துக்கே திரும்பியிருந்தது. கரைந்த வாயு இரவோடு காற்றுக்குப் போய்விட்டது. "அப்ப கடலும் திரும்பிடும் தானே சேர்?" என்றார்கள். திரும்பும், கடலுக்கு மேலே உள்ள காற்றில் வாயு குறைந்தால். குறைகிறதா? கைத்தொழில் யுகத்துக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறக்குறைய 280 பங்கு. 1958இல் ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலையில் கீலிங் என்ற விஞ்ஞானி தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளிவிடுவதில் ஏறக்குறைய கால்வாசியைக் கடல் உறிஞ்சுகிறது.

சரி, காற்றிலிருந்து வாயுவைப் பிடித்துவிட்டால்? பிடிக்கலாம். அதையும் செய்தோம். அப்பச்சோடாவும் வினாகிரியும் சேர்த்து வந்த வாயுவை ஒரு பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி, அதற்குள் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்த தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கிக் குலுக்கினால் போத்தல் தானாகவே உள்வாங்கிச் சுருங்கும். சுண்ணாம்பு வாயுவைத் தின்றுவிட்டது. (சுண்ணாம்பு கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடி போட்டுத்தான் செய்தோம். கண்ணாடி என் சொந்தக் காசு, அதைப் பிறகு பேசுவோம்.) வகுப்பே துள்ளியது. "இத பெருசா செஞ்சா பிரச்சின முடிஞ்சிதே!" உலகத்தில் பெரிய கம்பனிகள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

அப்போது ஒரே கேள்வி கேட்டேன். இந்தச் சுண்ணாம்பு எங்கேயிருந்து வந்தது?

பத்தாம் தரத்தில் மூல் கணக்குப் படித்தவர்கள். கரும்பலகைக்கு வரச் சொன்னேன். 100 கிராம் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் 56 கிராம் நீறாத சுண்ணாம்பும் 44 கிராம் காபனீரொட்சைட்டும் வரும். அந்த 56 கிராமோடு 18 கிராம் தண்ணீர் சேர்ந்தால் 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. அந்த 74 கிராம் திரும்ப எவ்வளவு வாயுவைப் பிடிக்கும்? அதே 44 கிராம். அதற்கு மேல் ஒரு கிராமும் இல்லை. சூளையில் எரித்த விறகோ நிலக்கரியோ கணக்கில் இன்னும் வரவில்லை. அதையும் சேர்த்தால் நட்டம். வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை: "அப்ப சூளையிலயே புடிச்சிருக்கணும், இல்லாட்டி சுடாம இருந்திருக்கணும்." பல மாநாடுகளில் மணிக்கணக்காகப் பேசுகிற விடயத்தை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டாள்.

நாம் இருப்பது புத்தளம் மாவட்டம். அருவக்காட்டில் வெட்டும் சுண்ணாம்புக்கல் சீமெந்துக்குப் போகிறது. சீமெந்துத் தொழிலில் வெளியாகும் வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து அல்ல, கல்லிலிருந்தே வருகிறது, அந்த 44 கிராம்தான். நுரைச்சோலையில் 300 மெகாவொட் வீதம் மூன்று இயந்திரங்கள். நிலக்கரியில் ஓர் அலகு மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். மூன்றும் முழுமூச்சாக ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 900 தொன். ஐஸ்லாந்தில் 2021இல் திறந்த ஓர்கா என்ற நிலையம் காற்றிலிருந்து வாயுவை உறிஞ்சி நிலத்தடிக் கல்லுக்குள் செலுத்துகிறது. அருமையான தொழில்நுட்பம், நான் குறை சொல்லவில்லை. அது வருடத்துக்கு 4,000 தொன் பிடிப்பதற்கென்று கட்டப்பட்டது. பிள்ளைகள் வகுத்துப் பார்த்தார்கள். நான்கரை மணித்தியாலம். அங்கே ஒரு வருட வேலை, இங்கே சுபஹு பாங்கு சொல்லி பாடசாலை இடைவேளை மணி அடிப்பதற்குள் முடிந்துவிடும்.

இதனால் நுரைச்சோலையை மூடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று யாராவது அடுத்த குரல் பதிவு போடலாம். இல்லை. அந்த மின்சாரத்தில்தான் என் வீட்டு மின்விசிறியும் ஓடுகிறது. உலகக் கணக்கில் இலங்கையின் பங்கு மிகச் சிறியது என்பதையும் சொல்லித்தான் படிப்பித்தேன். நான் கேட்பது ஒன்றுதான்: எங்கள் பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் போடத் தெரிய வேண்டும். சக்காத் கொடுக்கும்போது பவுணை நிறுத்து, நிஸாப் பார்த்து, கடனைக் கழித்துக் கணக்குப் போடும் சமூகம் நாம். காற்றுக்கும் கடலுக்கும் வந்தவுடன் மட்டும் ஏன் குத்துமதிப்பு?

மரம் நடுவோமே என்பீர்கள். நடுவோம். களப்பில் கண்டல் காடு காபனை மண்ணுக்குள் சேர்த்து வைப்பது உண்மை. இறால் பண்ணைக்காக அந்தக் காட்டை வெட்டியதும் இந்த மாவட்டம்தான். ஆனால் நடுவது வேறு, வளர்ப்பது வேறு. இலங்கையில் கண்டல் நட்ட 23 திட்ட இடங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தது மூன்றே இடங்களில், அந்த மூன்றில் ஒன்று நம் கற்பிட்டி. இந்த நல்ல செய்தி நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கன்று நடும்போது எடுத்த படங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. ஒரு வருடம் கழித்துப் போய் எண்ணிப் பார்த்தவர் யார்? இனி எங்கள் பிள்ளைகள் நட்டால் கணக்கும் வைப்பார்கள், எத்தனை நட்டது, எத்தனை நிற்கிறது என்று.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். 2018, 2019இல் கொழும்புக் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு எதிராக நாம் எல்லோரும் வீதிக்கு இறங்கினோம். ஆண்களும் பெண்களும், எல்லா இனத்தவரும். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் திறந்து, நிலத்தடி நீர் பற்றிய அட்டவணையில் விரலை வைத்து, "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்கக் கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர் இருந்தோம்? நாளை யாராவது கோட் போட்டுக்கொண்டு களப்புக் கரைக்கு வந்து, உங்கள் கண்டலில் இவ்வளவு தொன் காபன் இருக்கிறது, இந்தப் பத்திரத்தில் கையொப்பம் இடுங்கள், காசு தருகிறோம் என்பார். வேறொருவர் வந்து கடலுக்குள் சுண்ணாம்பு கொட்டினால் கடல் குணமாகும் என்பார். அப்போது மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பது இன்று என் வகுப்பில் ஸ்ட்ரோவால் ஊதிக்கொண்டிருக்கும் பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்கு, "சுண்ணாம்பு எங்கேயிருந்து வருது?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

இப்போது ஆய்வுகூடத்துக்கு வருகிறேன். இதுதான் சிலருக்குச் சுடும். நம் பாடசாலைகள் பலவற்றில் ஆய்வுகூடம் இருக்கிறது. கட்டடம் இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது, திறந்து வைத்தவரின் பெயர் கல்லில் இருக்கிறது. உள்ளே போனால் முகவைகள் பொலித்தீன் உறை பிரிக்காமல் அலுமாரியில். "உடைஞ்சா யார் பதில் சொல்றது?" என்று பூட்டி வைத்திருக்கிறோம். உடையட்டும். வருடத்துக்குப் பத்து முகவை உடையாத ஆய்வுகூடம் ஆய்வுகூடமே இல்லை, கண்ணாடிக் கடை. இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளின் கையைக் கட்டிப் போடுவது என்ன நிர்வாகம்?

பெறுபேறு வந்தால் சந்திக்குச் சந்தி பெனர். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் முகம், அதைவிடப் பெரிதாக அனுசரணையாளர்களின் முகம். பிள்ளைகளைப் பாராட்டுவதை நான் எதிர்க்கவில்லை. ஒரு வருடம் ஒரு பெனரைக் குறையுங்கள் என்கிறேன். பழைய மாணவர் சங்கம் வருடா வருடம் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு அடிக்கும் ஜேர்சியில் ஒரு பங்கைக் கேட்கிறேன். எனக்குத் தேவைப்படுவது ஒரு வகுப்புக்குக் காணுமான பாதுகாப்புக் கண்ணாடி, கிராமுக்குக் கீழே நிறுக்கும் ஒரு சிறிய இலத்திரனியல் தராசு, ஒரு பீஎச் மானி. கோவாவும் அப்பச்சோடாவும் சுண்ணாம்பும் பிள்ளைகளே கொண்டு வருவார்கள். கடல் தண்ணீருக்குக் காசு இல்லை.

குரல் பதிவு போட்ட சகோதரருக்கு: கடந்தகால வினாத்தாள் நாங்கள் நிறுத்தவில்லை. செவ்வாயும் வியாழனும் இரண்டு மணிக்குப் பிறகு செய்கிறோம், உங்கள் பிள்ளையின் கொப்பியில் திகதி போட்டிருக்கும், பாருங்கள். இந்தச் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அதிபரின் அனுமதியோடு ஆய்வுகூடம் திறந்திருக்கும். பெற்றாரும் வரலாம், உம்மாமாரும் வரலாம், பள்ளி நிர்வாகத்தினரும் வரலாம். வரும்போது ஆளுக்கொரு போத்தல் தண்ணீர் கொண்டு வாருங்கள்: களப்பில் அள்ளியது, கடலில் அள்ளியது, உங்கள் வீட்டுக் கிணற்றில் அள்ளியது. போத்தலில் இடத்தையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகள் உங்கள் முன்னால் அளந்து பலகையில் எழுதுவார்கள்.